தலைவர் சாக மாட்டார் என்று தெரிந்த பிறகு எதற்குப் பதற வேண்டும்? (ஸ்பாய்லர் உண்டு)

#1 செஞ்சட்டை

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரை முதலிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலாவது சீசன் முடிந்ததும் ஒரு எரிச்சல் வந்தது. அதைக் கொட்டத்தான் இந்த இழை.

2016-ல் பார்ப். 2017-ல் பாப். 2019-ல் அலெக்ஸி. 2022-ல் எடி. வரிசையைப் பாருங்கள். யாராவது ஒருவர் வருவார், நமக்குப் பிடித்துப்போகும், சீசன் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். முதல் நாளிலிருந்து சுற்றுகிற கும்பலுக்கு அடி விழும், கட்டுப் போடுவார்கள், அவ்வளவுதான். அந்தக் கும்பலில் இருக்கும் போலீஸ் தலைவர் ஹாப்பரை 2019-ல் வெடிப்பில் அனுப்பிவைத்தார்கள். நானும் நம்பி அழுதேன். பார்த்தால் மனிதர் ரஷ்யச் சிறையில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்!

என் புனைபெயரின் காரணம் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1966-ல் தொடங்கிய முதல் ஸ்டார் ட்ரெக்கில் கேப்டனோடு கிரகத்தில் இறங்கும் சிவப்புச் சட்டைக் காவலர்தான் சாவதற்கென்றே வருவார். பாதி நேரம் பெயர்கூடச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். சட்டையின் நிறம் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை.

என் கட்சி இதுதான்: நீண்ட தொடர் என்றால் இரண்டு சீசனுக்கு ஒருமுறையாவது முக்கியமான ஒருவர் சாக வேண்டும், திரும்பி வரக்கூடாது. இல்லாவிட்டால் அங்கே வெடிப்பதெல்லாம் வெறும் பட்டாசு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

#2 ஏழாம்_சீசன்

பிரிட்டிஷ் விண்வெளித் தொடர் பிளேக்ஸ் 7 பாருங்கள், ஆசை தீர்ந்துவிடும். 1979-லேயே கான் என்ற முக்கியப் பாத்திரத்தைப் பாறை இடிபாட்டில் புதைத்தார்கள். திரும்பி வரவே இல்லை. 1981 டிசம்பர் 21-ல் கடைசி எபிசோடு. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால், குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில், கதாநாயகக் கூட்டத்தையே வரிசையாகச் சுட்டுச் சாய்த்தார்கள். மொத்தம் 52 எபிசோடு. அதற்கு மேல் எடுக்க ஆளே இல்லை, ஹிஹி.

#3 கருந்துளை

செஞ்சட்டை, உங்கள் எரிச்சல் நியாயம், மருந்துதான் தப்பு. சாவை வைத்து அளந்தால் இது தீராது. நேற்று நடந்தது இன்றைக்கு இவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

ஸ்டார் ட்ரெக்: வாயேஜர் 1995-ல் என்ன சொல்லித் தொடங்கியது? வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தூரத்தில் ஒற்றைக் கப்பல். திரும்பிப் போய்ச்சேர 75 வருடம். உள்ளே ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்படை ஆட்களும், அவர்கள் பிடிக்கப் போன மாக்கி கலகக்காரர்களும் ஒரே கூரையின் கீழ். முதல் சீசனிலேயே கணக்கும் சொல்லிவிடுகிறார்கள்: கையிருப்பு 38 ஃபோட்டான் டார்ப்பிடோ (கப்பலின் ஏவுகணை), தீர்ந்தால் வேறு கிடையாது. ஒரு எழுத்தாளருக்கு இதைவிட அருமையான தொடக்கம் கிடைக்குமா?

ஏழு சீசன் ஓடியது. டார்ப்பிடோ 38-ஐத் தாண்டியும் பாய்ந்துகொண்டே இருந்தது. ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். சின்ன விண்ணோடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கும், அடுத்த வாரம் கொட்டகையில் புதிது நிற்கும். கலகக்காரர்கள் சீக்கிரமே சீருடை மாட்டி நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள்.

இதில் எனக்கு ஆறாத புண் 1997-ல் வந்த 'நரக ஆண்டு' கதை, இரண்டு பாகம். கப்பல் மாதக்கணக்கில் அடி வாங்கி ஓட்டையாகிறது. அதிகாரி டூவோக்குக்குக் கண் போகிறது. கேப்டன் ஜேன்வேயின் பிறந்தநாளுக்குத் துணைத் தளபதி சகோட்டே ஒரு பழைய மாதிரி பாக்கெட் கடிகாரம் செய்து தருகிறார். ஜேன்வே முகம் ஒரு நொடி மலர்கிறது. அப்புறம் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இதற்குச் செலவான சக்தியில் ஒரு வேளைச் சாப்பாடோ ஒரு ஜோடி பூட்ஸோ செய்திருக்கலாம், கலைத்துவிடு என்கிறார். பசியில் இருக்கும் கப்பலை அந்த ஒரு காட்சியில் காட்டிவிட்டார்கள். கடைசியில் அதே கடிகாரத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் எதிரியின் காலக்கப்பல் மேல் தன் கப்பலை மோதுகிறார்.

மோதியதும் காலம் பின்னால் சுருட்டிக்கொள்கிறது. கப்பல் பளபள. டூவோக்குக்குக் கண் தெரிகிறது. பழைய குருடி கதவைத் திறடி (டூவோக்கைச் சொல்லவில்லை). அந்தக் கடிகாரம் செய்யப்படவே இல்லை.

இத்தனைக்கும் அதில் கேப்டனே சாகிறார். உங்கள் விதிப்படி அதைவிடப் பெரிய பணயம் கிடையாது. அடுத்த வாரம் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

#4 பழைய_டேப்

வாயேஜர் எழுத்தாளர்களை மட்டும் திட்டாதீர்கள். அந்தக் காலத்து வியாபாரமே அப்படி.

அமெரிக்கத் தொடர்களுக்கு முதல் ஒளிபரப்பைவிட மறுவிற்பனையில்தான் பெரிய காசு. ஏறக்குறைய 100 எபிசோடு சேர்ந்துவிட்டால் ஊருக்கு ஊர் இருக்கும் சிறு நிலையங்களுக்கு விற்பார்கள்; அவர்கள் தினம் ஒன்றாகப் போடுவார்கள். வரிசைப்படி போடுவார்கள் என்று நிச்சயமில்லை. பார்ப்பவரும் செவ்வாய் பார்த்துவிட்டு அடுத்து வெள்ளிதான் வருவார். என்னை மாதிரி ஆட்கள் டேப்பில் பதிந்து வைத்தோம், அதுவும் மின்சாரம் போகாமல் இருந்தால். ஆகவே எந்த எபிசோடில் நுழைந்தாலும் புரிய வேண்டும் என்பது சட்டம் மாதிரி. கப்பலில் கீறல் விழுந்தால் அந்தக் கீறலை அடுத்த எபிசோடில் விளக்க வேண்டும். கீறலே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள்.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே சிலர் சந்து கண்டுபிடித்தார்கள். 1990-ல் ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன் மூன்றாம் சீசன் முடிவில் கேப்டன் பிக்கார்டை 'போர்க்' என்ற பாதி இயந்திர இனம் பிடித்து இயந்திரமாக்கியது. ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தோம். நான்காம் சீசன் தொடக்கத்தில் மீட்டுவிட்டார்கள். சரி, இனி புதுக் கிரகம், புதுக் கதை என்று நினைத்தால், அதற்கடுத்த எபிசோடில் பிக்கார்ட் தன் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறார். போர் இல்லை, வேற்றுக்கிரகவாசி இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேற்றில் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். முதலில் சிரிக்கிறார். அப்புறம் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, என்னால் அவர்களைத் தடுக்க முடியவில்லை என்று உடைந்து அழுகிறார். கப்பலைச் சுற்றி ஆயிரம் வெடி வெடித்தாலும் அந்தக் கனம் வராது.

இன்னொன்று. ட்ரெக்கில் வருடக்கணக்காக எழுதிய ரொனால்ட் டி. மூர் 1999-ல் வாயேஜருக்குப் போய்க் கொஞ்ச நாளிலேயே வெளியேறினார். 2003-ல் அவர் எடுத்தது பேட்டில்ஸ்டார் கேலக்டிகா. அதுவும் தனியாக மாட்டிக்கொண்ட மனிதர்களின் கதைதான். ஆனால் அந்தக் கப்பல் கடைசி சீசனில் உடம்பெல்லாம் விரிசல் விட்டு, எதிரி சைலான்களின் பசையைப் பூசித்தான் ஓட வேண்டியிருந்தது. இதை யாருக்குப் பதிலாக எடுத்தார் என்று நான் சொல்ல வேண்டுமா?

#5 செஞ்சட்டை

கடிகாரம் விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொத்தமாகக் கட்சி மாறவில்லை. கேலக்டிகாவிலும் விமானி ஸ்டார்பக் செத்துத் திரும்பி வந்தாரே?

#6 நிலவொளி

வந்தார். வந்தபின் அவரை ஒருவரும் பழைய மாதிரி நம்பவில்லை, அவரே தன்னை நம்பவில்லை. தன் பிணத்தைத் தானே கண்டெடுத்து எரிக்கிறார். அப்படித் திரும்பி வருவதற்கும் ஹாப்பர் திரும்பி வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான டீப் ஸ்பேஸ் நைன். 1998-ல் ஒரு போர்க்கள எபிசோடில் நாக் என்ற இளைஞனுக்குக் கால் போகிறது. வழக்கமாக அடுத்த வாரம் செயற்கைக்கால் மாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். இங்கேயும் மாட்டுகிறார்கள். கால் சரியாகவே வேலை செய்கிறது, வலிக்கக் காரணம் இல்லை என்கிறார் மருத்துவர். பையன் நொண்டுகிறான். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அறைத் தோழனை வெறுப்பேற்றுகிறான். கடைசியில் ஹோலோசூட்டில் (கணினி உருவாக்கும் மாயக் காட்சி அறை) இருக்கும் பொய்யான 1960-களின் ஹோட்டலில் ஒளிந்துகொள்கிறான். வெளியே வரவே மாட்டேன் என்கிறான். ஒருவழியாக வாய் திறக்கும்போது அவன் சொல்வதன் சாரம்: போர் தொடங்கியபோது எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று நம்பினேன், இப்போது நாளைக்கே செத்துப்போகலாம் என்று தெரிந்துவிட்டது.

அவன் நம்மைப் போலத் தொடர் பார்க்கிற ஆள் மாதிரிதான் பேசுகிறான். முக்கியப் பாத்திரம், நமக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு. யாரும் சாகாத அந்த ஹோட்டல் எபிசோடை மூன்று முறை பார்த்திருக்கிறேன். அதே வருடம் முக்கியப் பாத்திரமான ஜாட்ஸியாவைக் கொன்ற எபிசோடை ஒரு முறைக்கு மேல் பார்க்கத் தோன்றியதில்லை.

அப்புறம் ஒரு விஷயம், யாரும் கோபப்படக் கூடாது. குற்றவாளிக் கூண்டில் நாமும் நிற்க வேண்டும். 2002-ல் ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடரில் டேனியல் ஜாக்சன் என்ற முக்கியப் பாத்திரத்தைச் சாகவைத்து அனுப்பினார்கள். ரசிகர்கள் இயக்கம் நடத்தினார்கள், ஏழாம் சீசனில் ஆள் திரும்பினார். 2007-ல் அதன் கிளைத் தொடரான அட்லாண்டிஸில் டாக்டர் பெக்கெட்டைக் கொன்றார்கள், மறுபடி போராட்டம், நகல் மனிதராகத் திரும்பினார். விளைவு வேண்டும் என்று கேட்பதும் நாம்தான், விளைவு வந்ததும் கொடி பிடிப்பதும் நாம்தான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

#7 கருந்துளை

அப்படியானால் 'தி 100' தொடரில் கொல்லப்பட்ட லெக்ஸா என்ற பாத்திரத்துக்காகக் குரல் கொடுத்தவர்களும் அதே கணக்கா? எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். டேனியல் ஜாக்சன் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்தவர் திரும்ப வேண்டும் என்றார்கள். லெக்ஸா ரசிகர்கள் அப்படிக் கேட்கவில்லை. 2016 மார்ச்சில் அவளுக்கும் அவள் காதலிக்கும் ஒருவழியாக நல்லது நடந்த உடனே, எங்கிருந்தோ வந்த தோட்டாவில் அவள் சாகிறாள். ஓரினக் காதல் பாத்திரங்களை மகிழ்ச்சி வந்த கையோடு கொல்வது தொலைக்காட்சியில் எத்தனை வருடப் பழக்கம் என்று தெரிந்தவர்களுக்கு அது வயிற்றில் உதைத்த மாதிரி இருந்தது. அதற்கு முன் பல மாதம் அந்த ரசிகர்களை நம்பவைத்துக் கூட்டம் சேர்த்ததும் தொடர் தரப்புதான். படைப்பாளி பிறகு பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ரசிகர்கள் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு நிதி திரட்டினார்கள். இதையும் 'மீசைக்கு ஆசை' என்பீர்களா?

#8 நிலவொளி

இல்லை. அதை நான் சேர்க்கவும் இல்லை, நீங்களே சேர்த்துவிட்டு என்னோடு சண்டை போடுகிறீர்கள்.

#9 மட்டுறுத்துநர்

இருவரும் ஒரு பக்கத்திலேயே நிற்பதாக எனக்குத் தெரிகிறது. மூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள். தலைப்பில் ஸ்பாய்லர் எச்சரிக்கை சேர்த்திருக்கிறேன். 1981 தொடருக்கெல்லாம் புகார் அனுப்ப வேண்டாம்.

#10 பழைய_டேப்

ரசிகர் எதிர்பார்ப்பு என்ற பேச்சு வந்ததால் இது. எதிர்பார்ப்பை வளர்த்துவிடுவது பெரும்பாலும் படைப்பாளியின் வாய்தான். கேலக்டிகாவின் தொடக்க வாசகம் சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று வாராவாரம் அடித்துச் சொன்னது. நாமும் அந்தத் திட்டம் என்ன என்று 2009 வரை காத்திருந்தோம். திட்டம் எழுத்தாளர்களிடமே இல்லை என்று தெரிந்தபோது வந்த கோபத்தில் பாதி அந்த வாசகத்தின் மேல்தான்.

நிஜமாகவே திட்டத்தோடு வந்தது பாபிலோன் 5. ஐந்து வருடக் கதை என்று முதலிலேயே அறிவித்து, 110 எபிசோடில் 92-ஐ ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதினார். அதிலும் விதி விளையாடியது. முதல் சீசன் முடிந்ததும் கதாநாயகன் மைக்கேல் ஓஹேர் விலகினார். உண்மைக் காரணம் மனநோய். 2012-ல் ஓஹேர் இறந்தபிறகுதான் ஸ்ட்ராசின்ஸ்கி அதை வெளியே சொன்னார், அதுவரை காத்தார். கதை கவிழவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவசரத்துக்கு ஒரு பின்வாசல் முன்கூட்டியே வைத்திருந்தாராம். மூன்றாம் சீசனில் அதே நடிகரைக் கூட்டிவந்து, முதல் சீசனில் பாதியில் விட்ட முடிச்சைக் கச்சிதமாகக் கட்டினார். பிறகு ஐந்தாம் சீசன் கிடைக்குமா என்ற பயத்தில் நாலாவதில் கதையை அமுக்கித் திணித்தார். ஐந்தாவது கிடைத்தது, அதன் முன்பாதி காற்றுப்போன பலூன். (அதையும் இரண்டு முறை பார்த்தேன் என்பது வேறு விஷயம்.)

அவர் இணையச் செய்திக்குழுவில் ரசிகர்களோடு தினமும் பேசுவார். ஒருமுறை, நினைவு அழிக்கப்பட்ட குற்றவாளியைப் பற்றி ஒரு ரசிகர் சும்மா ஒரு யோசனை எழுதிவிட்டார். ஸ்ட்ராசின்ஸ்கி ஏற்கெனவே மனதில் வைத்திருந்த கதையும் அதே மாதிரி. நாளை வழக்கு வந்தால்? கதையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அந்த ரசிகர் உரிமை கோரமாட்டேன் என்று எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் படமானது. இந்த மாதிரி இழைகளில் நாம் அள்ளிவீசும் யோசனைகளுக்கு இப்படியும் ஒரு பின்விளைவு உண்டு.

லாஸ்ட் தொடர் பற்றி ஒரே வரி: 2007 மே மாதம், இன்னும் 48 எபிசோடு, 2010-ல் முடிவு என்று அறிவித்தார்கள். அந்த நாளிலிருந்துதான் கதை நகர ஆரம்பித்தது.

#11 ஏழாம்_சீசன்

முடிவுத் தேதியே இல்லாத தொடர் என் டாக்டர் ஹூ, பிரிட்டிஷ் காலப்பயணக் கதை. 1966-ல் நடிகருக்கு உடம்பு முடியவில்லை என்பதால் நாயகனுக்கு உருவம் மாறும் என்று ஒரு வழி செய்தார்கள். நாயகன் செத்தாலும் தொடர் சாகாது. அதற்கும் பயம் வேண்டுமே என்று 1976-ல் 12 முறைதான் மாறலாம் என்று வரம்பு கட்டினார்கள். 2013 கிறிஸ்துமஸில் வரம்பு முட்டியது. என்ன ஆச்சு? புதிதாக ஒரு சுற்று வழங்கப்பட்டது. கடன் தள்ளுபடி!

இன்னொரு வியாதி, பணயம் ஊதிப்போவது. ஒரு ஊரைக் காப்பாற்றினால் அடுத்து கிரகம், அடுத்து பிரபஞ்சம். 2010-ல் பிரபஞ்சமே அணைந்து மறுபடி பற்றியது. நாயகனின் சொந்தக் கிரகம் கல்லிஃப்ரே 2005-ல் அழிந்துபோனதாகச் சொன்னார்கள், 2013-ல் அழியவில்லை, ஒளித்துவைத்தோம் என்றார்கள், 2020-ல் மறுபடி சாம்பல். புலி வருது புலி வருது என்று எத்தனை முறைதான் ஓடுவது? எனக்கு மூச்சு வாங்குகிறது.

அதே தொடரில் 1982-ல் ஏட்ரிக் என்ற பையன் செத்தான். கணக்கில் புலி, கொஞ்சம் எரிச்சலூட்டும் பிள்ளை, பலருக்கு அவனைப் பிடிக்காது. விழுகிற கப்பலில் கடைசிவரை ஒரு கணக்கைத் தீர்க்கப் பார்த்து, முடியாமல் போகிறான். அன்று முடிவுப் பெயர்கள் ஓடும்போது வழக்கமான இசை இல்லை. கணக்குத் திறமைக்காக அவனுக்குக் கொடுத்த பதக்கம் உடைந்து கிடக்கிறது, அதன் மேல் பெயர்கள் சத்தமில்லாமல் ஊர்கின்றன. பிரபஞ்சம் அணைந்தபோது நான் எதையோ கொறித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பதக்கத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

#12 செஞ்சட்டை

சரி, என் விதியைத் திருத்துகிறேன். கொல்ல வேண்டாம். எண்ணினால் போதும்.

இந்த இழைக்காக நேற்று கேலக்டிகாவின் '33' எபிசோடை மறுபடி பார்த்தேன். 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வந்துவிடுகிறான், ஐந்து நாளாக ஒருவரும் தூங்கவில்லை. குடியரசுத் தலைவரின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் மிச்சமிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கை. தொடக்கத்தில் 50,298. அப்புறம் 1,345 பேர் ஏறிய ஒரு கப்பலைத் தங்கள் ஆட்களே சுட்டு வீழ்த்த வேண்டிவருகிறது. உள்ளே ஆட்கள் இருந்தார்களா இல்லையா என்று கடைசிவரை நிச்சயமாகத் தெரியாது. முடிவில் ஒரு குழந்தை பிறந்ததாகச் செய்தி. குடியரசுத் தலைவர் லாரா ராஸ்லின் எழுந்துபோய் 47,972 என்பதை 47,973 ஆக்குகிறார். ஒரே ஒரு எண் கூடுகிறது. முதல் தடவை பார்த்தபோது இதை நான் கவனித்த ஞாபகமே இல்லை. யார் சாவார் என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

#13 நிலவொளி

ஃபார்ஸ்கேப் என்ற விண்வெளித் தொடரை யாரும் சொல்லவில்லையே? மூன்றாம் சீசனில் நாயகன் கிரைட்டன் இரண்டாகிறான். அசல், நகல் என்று கிடையாது, இரண்டு பேரும் அவனே. ஒருவன் நாயகி ஏரினோடு ஒரு கப்பலில் போகிறான், அவர்களுக்குள் காதல் கனிகிறது, கதிர்வீச்சில் அவள் கையிலேயே சாகிறான். அப்புறம் அவள் மற்ற கப்பலுக்குத் திரும்பி வருகிறாள். அங்கே அதே முகம், அதே சிரிப்பு, இவளுக்காகக் காத்திருக்கிறது. அவளால் அவனை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அவனுக்கோ, தான் செய்யாத காதலுக்கும் தான் சாகாத சாவுக்கும் தண்டனை.

கணக்குப்படி தொடரில் நாயகன் இருக்கிறான், ஒரு ஆள்கூடக் குறையவில்லை. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் ரீசெட் பட்டனையே எடுத்து அதில் முள் வைத்துவிட்டார்கள்.

#14 கருந்துளை

நிலவொளி, இதை முன்பே சொல்லியிருந்தால் நான் லெக்ஸா பக்கம் போய்ச் சண்டை போட்டிருக்க மாட்டேன். இன்றிரவு பார்க்கிறேன். முதல் சீசனிலிருந்து தொடங்க வேண்டுமா?

#15 நிலவொளி

ஆமாம். முதல் சில எபிசோடு சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் தாண்டாதீர்கள்.

#16 செஞ்சட்டை

கடைசியாக ஒன்று. அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான், வயது பன்னிரண்டு. நீங்கள் எல்லோரும் கிளப்பிவிட்டதில் அவனோடு வாயேஜரை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அந்த 38 டார்ப்பிடோ வசனம் வந்ததும் நிறுத்தச் சொன்னான். ஒரு நோட்டை எடுத்து 38 கட்டம் போட்டான். கப்பல் சுடும்போதெல்லாம் ஒரு கட்டத்தை அடிக்கிறான். தீர்ந்துபோனால் என்ன பண்ணுவாங்க மாமா என்று கவலையாகக் கேட்கிறான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.